சட்டை முதுகில் இருபத்தேழு எழுத்து

பந்து வலைக்குள் போய் விழுந்துவிட்டது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. அறிவிப்பாளர் மட்டும் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கோல் விழுந்த மூன்று வினாடிக்குள் அடித்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவர் அதை இரண்டே வினாடியில் முடித்துவந்தவர். அவர் பெயரைச் சொல்வார், கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும், இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை மைதானத்துக்கு வெளியே நிற்கும் பஸ்களின் கண்ணாடிகூட அதிரும். அந்த அதிர்வுக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார் என்று சொன்னால் அவர் மனைவிகூட மறுக்கமாட்டாள்.

இதில் ஒரு விதி உண்டு. முன்னொரு காலத்தில் ஒரே பெயருள்ள நான்கு பேர் ஒரே அணியில் ஆடி, எந்தக் கோலை எவர் அடித்தார் என்பதில் சட்டைக் காலர் கிழிகிற அளவுக்குச் சண்டை வந்தது. அன்றிலிருந்து ஆட்டக்காரர் நிரப்பித் தரும் பதிவுப் பாரத்தில் உள்ள குடும்பப் பெயரை மட்டும்தான் அறிவிக்க வேண்டும், அதையேதான் சட்டை முதுகிலும் அச்சிட வேண்டும் என்று போட்டிக் குழு எழுதி வைத்துவிட்டது.

இப்போது கோல் அடித்தவர் பத்து நாளைக்கு முன்னால் எங்கோ தூர தேசத்திலிருந்து வந்து சேர்ந்த புது ஆட்டக்காரர். ஆறரை அடி உயரம். ரசிகர்கள் பார்த்தவுடனேயே 'நெட்டை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் இரண்டே எழுத்து, பால் குடிக்கிற குழந்தைகூடச் சொல்லும். குடும்பப் பெயர்தான் இருபத்தேழு எழுத்து. பாரத்தில் எழுத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்த கட்டங்கள் போதாமல் கடைசி மூன்று எழுத்து ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் அது ஒரு கைக்கு அடியில் ஆரம்பித்து முதுகைச் சுற்றி மறு கைக்கு அடியில் முடிந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அச்சுக் கோப்பவரோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை.

அறிவிப்பாளர் காகிதத்தைப் பார்த்தார். கடவுளை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதல் ஐந்து எழுத்து நன்றாகத்தான் வந்தது. ஒன்பதாவதில் வழி தவறியது. பதினைந்தாவதில் மூச்சு முட்டியது. இருபதுக்கு மேல் இருமலாகி, தும்மலில் முடிந்தது.

கூட்டம் விசுவாசமான கூட்டம். இருமலையும் தும்மலையும் சேர்த்து அப்படியே திருப்பிச் சொன்னது.

நெட்டை ஓடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். தன்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, அறிவிப்பாளரின் மரக்கூண்டுக்குக் கீழே வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, என்னவோ கத்தினார்.

"என்ன சொல்றாரு?" என்று அறிவிப்பாளர் பக்கத்தில் ஸ்கோர் பலகை மாற்றுபவரைக் கேட்டார்.

"பாஷை புரியலை சார். ஆனா பாராட்டு மாதிரி தெரியலை."

மறுநாள் காலையில் அணி மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொல்லாததிலிருந்தே விஷயம் புரிந்துவிட்டது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு மனுஷனோட குடும்பப் பேரு அது. அவங்க அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாரும் தூக்கிச் சுமந்த பேரு. அதைப் போய் தும்மிட்டீங்களே!"

"சார், அதுல மூச்சு விட எடமே இல்லை சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிஞ்சதுலேர்ந்து அவரு மூஞ்சியே சரியில்லை. கோவிச்சுக்கிட்டு ஊருக்குக் கிளம்பிட்டா கோப்பையை யாரு ஜெயிப்பா, நீங்களா? ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம். அன்னிக்குப் பேரு சுத்தமா வரணும். வரலைன்னா அடுத்த சீசன்லேர்ந்து மைக்கு என் மாப்பிள்ளைக்கு."

மேலாளரின் மாப்பிள்ளை விழாக்களில் நிகழ்ச்சி தொகுத்து வழங்குபவர். மைக்கைக் கையில் வாங்கினால் முதலில் அதை ஊதிப் பார்ப்பவர். அறிவிப்பாளர் அவசரமாக வேறு வழி தேடினார்.

"சார், அவரை அனுப்பின ஏஜென்ட்டைக் கேட்டுப் பார்த்தா..."

"கையெழுத்தான மறுநாள்லேர்ந்து அந்த ஆளு போன் எடுக்கிறதில்லை. பாரத்தைக் கட்டம் கட்டமா விளக்கிச் சொல்லி அவர் கையாலேயே எழுத வச்சு அனுப்பினதோட சரி. போட்டிக் குழு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிச்சிருக்காங்க. அவங்களும் ஞாயித்துக்கிழமைதான் ரயில்ல வர்றாங்க. நீங்களே ஏதாவது பண்ணிக்கிடுங்க."

அறிவிப்பாளர் நேரே பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனார். நெட்டை தரையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் பாரத்தின் நகலை அவர் முன்னால் விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இது... இதை ஒரு தடவை சொல்லுங்க."

நெட்டை பாரத்தைப் பார்த்தார். தன் நெஞ்சைத் தட்டி, இரண்டெழுத்துச் சொந்தப் பெயரைச் சொன்னார்.

"அது தெரியும் தம்பி. அது இல்லை. இது, இது!"

விரலால் கட்டத்தைக் குத்தினார். நெட்டை பெருமூச்சு விட்டார். பிறகு இருபத்தேழு எழுத்தையும் ஒரே மூச்சில், தண்ணீர் ஊற்றுவதுபோலச் சொன்னார். எங்கேயும் இருமல் இல்லை. அறிவிப்பாளருக்கு மெய்சிலிர்த்தது. போனில் பதிவு செய்துகொண்டார்.

சொல்லிப் பார்த்தார். நெட்டை புருவத்தைச் சுருக்கினார். அறிவிப்பாளர் இன்னும் சத்தமாகச் சொன்னார். நெட்டை இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். ஆறாவது தடவை ஏதோ அதிர்ஷ்டத்தில் முக்கால்வாசி சரியாக வந்துவிட்டது. உடனே நெட்டையின் முகம் மலர்ந்தது. "ஆமாம், ஆமாம்" என்பதுபோல் வேகமாகத் தலையாட்டி, அறிவிப்பாளரின் தோளில் தட்டினார். அப்பாடா என்று நெட்டை எழுந்திருக்கப் போனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அறிவிப்பாளர் சுத்தக்காரர். இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொள்வோமே என்று மறுபடியும் அதே கட்டத்தில் விரலை வைத்தார்.

நெட்டையின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் அதே இருபத்தேழு எழுத்தை ஒவ்வொன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய்விட்டார்.

"முக்காவாசிதான் சரி போலிருக்கு. மீதியில ஏதோ கெட்ட வார்த்தை ஆயிடுது" என்று அறிவிப்பாளர் தனக்குள் முடிவு செய்துகொண்டார்.

வீட்டில் மூன்று நாள் அந்தப் பதிவு ஓயாமல் ஓடியது. பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது, சாப்பிடும்போது. அறிவிப்பாளரின் நாக்குக்கு மட்டும் அது ஏறவே இல்லை. புதன்கிழமை காலையில் அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டே, வாயில் கிளிப்பைக் கடித்தபடி, அந்தப் பெயரை முழுசாகச் சொன்னாள்.

அறிவிப்பாளர் அவள் முன்னால் போய் நின்றார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். பதிவில் இருந்தது போலவே இருந்தது.

"இதுல என்னங்க கஷ்டம்? மூணாவது வளைவுல கொஞ்சம் மெதுவாப் போகணும், அவ்ளோதான்."

இந்த இடத்தில்தான் மச்சான் உள்ளே வருகிறான். மனைவியின் தம்பி. ரசிகர் மன்றத்தின் தலைவன், டிரம் அடிப்பவன். உலகத்தில் அவனுக்கு யோசனை தோன்றாத விஷயமே கிடையாது.

"மாமா, உங்க நாக்குதான் பிரச்சினை. பத்தொன்பது வருஷமா சின்னச் சின்னப் பேராச் சொல்லி அது சோம்பேறியாயிடுச்சு. ஒரு பென்சிலைப் பல்லுக்கு நடுவுல வச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்க. நாக்கு வழிக்கு வரும்."

"இது வேலை செய்யுமாடா?"

"நூத்துக்கு நூறு!"

பென்சில் வைத்துக்கொண்டு சொன்னார். பதினொன்றாவது எழுத்தில் பென்சில் நழுவியது. பல் நாக்கின் மேல் இறங்கியது. அன்று மாலை நாக்கு தடித்து, எல்லா எழுத்தும் ழகரமாகவே வர ஆரம்பித்தது.

"கொழ்ழம் ழழ்ழி குழு" என்றார் மனைவியிடம்.

"ஐயோ, தண்ணி கேக்குறாருடா! படுபாவி, என் வீட்டுக்காரரை என்னடா பண்ணி வச்சிருக்கே!"

மச்சான் பயப்படுகிற ரகமில்லை. "அக்கா, இதுக்கும் வழி இருக்கு. மாமா முழுசாச் சொல்லவே வேண்டாம். ஆரம்பிச்சா போதும். கூட்டம் பிடிச்சுக்கும். கூட்டத்துக்கு நான் சொல்லிக் குடுக்கிறேன்."

அறிவிப்பாளர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அது 'ழேழ்ழாழ்' என்று வந்ததால் மச்சான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

பெயரை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டிரம் தாளம் போட்டு, துண்டுச் சீட்டில் அச்சடித்து, ஊர் முழுக்க விநியோகித்தான். வியாழக்கிழமை மதியம் பஸ் கண்டக்டர் அதைச் சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார். சலூன்காரர் கத்தரியின் சத்தத்துக்கு ஏற்றபடி சொன்னார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் நானூறு பிள்ளைகள் சொன்னார்கள். அந்த ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அந்தப் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார்கள், ஒரே ஒருவரைத் தவிர.

நெட்டை நிலைமைதான் பரிதாபம். பஸ் நிறுத்தத்தில் ஐம்பது பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு ஐந்து துண்டையும் தாளத்தோடு சொன்னபோது, அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனார்.

"எவ்ளோ அடக்கம் பாரு அவருக்கு!" என்று ஊரே உருகியது.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். முப்பதடி நீளத்துக்குப் பெயரை எழுதித் துணி கட்டச் சொன்னார். அறிவிப்பாளரைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார்.

"பிரமாதம்! என்னா வேலை பண்ணியிருக்கீங்க! இப்ப நீங்க தப்பு விட்டா நான் சொல்ல வேண்டியதே இல்லை, இருபதாயிரம் பேரு சேர்ந்து திருத்துவாங்க. என் மாப்பிள்ளைகூட ஒரே தடவையில சொல்லிட்டான். சும்மா சொன்னேன், தயாரா இருடான்னு."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை உள்ளங்கையை மைக் மாதிரி பிடித்து, ஒருமுறை ஊதிவிட்டு, பெயரைச் சொன்னான். சுத்தமாக இருந்தது. அறிவிப்பாளருக்கு அங்கேயே அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. நாக்கு வீக்கம் வடிந்துவிட்டது, பயம்தான் வடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வந்தால் ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பாளர் வாசலிலேயே நின்றார். ரயில் மூன்று மணி நேரம் தாமதம் என்று தகவல் வந்தது. மனைவி மரக்கூண்டுக்கு நேர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் டிரம்மோடு எதிர்ப்பக்கம் இருந்தான். மாப்பிள்ளை கூண்டின் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க தண்ணி கிண்ணி குடிக்கணும்னா சொல்லுங்க சார். நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

"எனக்குத் தாகமே எடுக்காதுப்பா" என்றார் அறிவிப்பாளர்.

முதல் பாதியில் கோல் இல்லை. நெட்டை இரண்டு தடவை பந்தோடு பாய்ந்தபோது, சொந்த அணிக்காரர் கோல் அடிக்கக் கூடாது என்று அறிவிப்பாளர் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டதற்காக உடனே வெட்கப்பட்டார். இரண்டாம் பாதியிலும் வெகுநேரம் இல்லை. கூட்டத்துக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் எதிரணிக்காரன் ஒருவன் நெட்டையின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பதினாலாவது எழுத்துக்கு அருகே சட்டை கிழிந்தது. நடுவர் விசிலை ஊதி, பெனால்டி என்று கையைக் காட்டினார்.

நெட்டையே பந்தை எடுத்து வைத்தார்.

மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. அறிவிப்பாளர் மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டார். காகிதத்தைப் பார்த்தார், எழுத்துகள் மிதந்தன. பந்தில் அடி விழுந்த சத்தம் கேட்டது. பந்து வலையின் மேல் மூலையில் போய்ச் சொருகிக்கொண்டது.

ஒரு வினாடி.

ஏணிப்படியில் மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

இரண்டு வினாடி.

அறிவிப்பாளர் காகிதத்தைக் கசக்கி எறிந்தார். கீழே பார்த்தார். முதல் வரிசையில் மனைவி எழுந்து நின்று, அவரையே பார்த்துக்கொண்டு, உதட்டைப் பெரிதாகத் திறந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதையும் அவர் கடைசிவரை கேட்டதில்லை. இன்று கேட்டார். அவள் உதடு போன வழியே அவர் நாக்கும் போனது. மூன்றாவது வளைவில் அவள் மெதுவாகப் போனாள், அவரும் மெதுவாகப் போனார். இருபது தாண்டியது. இருபத்தைந்து தாண்டியது. இருபத்தேழாவது எழுத்து ஒலிபெருக்கியிலிருந்து முழுசாக, கம்பீரமாக வெளியே வந்தது.

மச்சானின் டிரம் முழங்கியது. இருபதாயிரம் பேர் ஒரே குரலில் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது வெளியே பஸ் கண்ணாடி அதிர்ந்ததோடு, ஒன்று விரிசலும் விட்டதாகப் பிறகு சொன்னார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஏணிப்படியில் மெதுவாக உட்கார்ந்தான். அறிவிப்பாளர் குலுங்கிக் குலுங்கி அழுதார். இவ்வளவு சந்தோஷத்தை அவர் உடம்பு அதுவரை பார்த்ததில்லை.

மைதான நடுவில் நெட்டை மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாவம், நெகிழ்ந்துட்டாரு" என்றார்கள் எல்லாரும்.

கடைசி விசில் ஊதியதும் மேலாளர் ஏணியில் ஓடி ஏறி அறிவிப்பாளரைக் கட்டிப்பிடித்தார்.

"மைக்கு உங்களுக்குத்தான்யா! நீங்களா வேண்டாம்னு சொல்ற வரைக்கும் உங்களுக்குத்தான்!" அப்படியே மைக்கை வாங்கி மைதானத்துக்கும் அறிவித்தார். "அன்பான ரசிகர்களே! இன்னியிலேர்ந்து நம்ம கிழக்குப் பக்க அரங்கத்துக்கு இந்த மாவீரரோட குடும்பப் பேரையே வைக்கிறோம்!"

கூட்டம் ஐந்து துண்டையும் தாளத்தோடு முழங்கியது. கிழக்கு அரங்கின் நெற்றியில் ஏணி சாத்தி, பெயிண்டர் ஏற்கெனவே ஒன்பது எழுத்தை முடித்திருந்தார்.

அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் வந்து சேர்ந்தார். கையில் பெட்டியோடு, ரயில் களைப்போடு, நடுத்தர வயதுப் பெண்மணி. கீழே அவரைப் பார்த்ததும் நெட்டை பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசித் தீர்த்தார். அந்த அம்மாள் கேட்கக் கேட்க, கண்ணை அகல விரித்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். முப்பதடித் துணியைப் பார்த்தார். கிழக்கு அரங்கில் இருந்த பெயிண்டரைப் பார்த்தார். பிறகு நெட்டையின் கையைப் பிடித்து ஏணியில் ஏற்றிக் கூண்டுக்குக் கூட்டிவந்தார்.

"வாங்கம்மா, வாங்க!" என்றார் மேலாளர். "நன்றி சொல்ல வந்திருக்காரா? சொல்லச் சொல்லுங்க."

நெட்டை மேலாளரைப் பார்த்தார், அறிவிப்பாளரைப் பார்த்தார். ரொம்பப் பொறுமையாக ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். அதன் நடுவே அந்த இருபத்தேழு எழுத்தும் வந்தது.

"கேட்டீங்களா, கேட்டீங்களா! நாம சொன்ன மாதிரியே சொல்றாரு!" என்று அறிவிப்பாளர் துள்ளினார்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "சார், இதைத் தனியா சொல்லட்டுமா?"

"தனியா எதுக்கு?" மேலாளர் மைக்கை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினார். "ஊரே காத்துக்கிட்டிருக்கு. சத்தமாச் சொல்லுங்கம்மா!"

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபதாயிரம் பேரும் அமைதியானார்கள்.

"அவர் என்ன கேக்குறாருன்னா... 'எங்க பக்கத்துல குடும்பப் பேரு வச்சுக்கிற வழக்கமே கிடையாது'ன்னு எங்க பாஷையில நான் பாரத்துல எழுதிக் குடுத்ததை, ஒரு வாரமா இந்த ஊரே ஏன் டிரம் அடிச்சு என்கிட்டயே திருப்பிச் சொல்லுதுன்னு கேக்குறாரு."